புல்லுக்குள் களம்: நமீபியாவில் ஏழு நாள்

முதல் நாள்: விண்டூக்

ஜோகன்னஸ்பர்கில் விமானம் மாறி விண்டூக் வந்து இறங்கியபோது மதியம் இரண்டு மணி. விமான நிலையம் ஊரை விட்டு 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, முள்ளும் புதருமாகக் கிடக்கும் வெளிக்கு நடுவில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கி, வெயிலில் நடந்தேதான் கட்டடத்துக்குள் போனோம். மாமா கடைசிப் படியில் நின்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டார்.

"நம்ம கோவில்பட்டிப் பக்கம் மாதிரிதான இருக்கு. இதுக்கா பாப்பா இம்புட்டு தூரம்?"

எனக்கு வயது 41. அம்மாவின் தம்பிக்கு நான் இன்னும் பாப்பாதான். வேளாண்மைத் துறையில் 30 வருடத்துக்கும் மேலாகக் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவருக்கு ஒரு படம் அனுப்பினேன். நமீப் பாலைவனத்தின் ஓரத்துப் புல்வெளி. அதில் யாரோ அளவெடுத்துச் சிரைத்ததுபோல ஆயிரக்கணக்கில் மொட்டை வட்டங்கள். ஆங்கிலத்தில் தேவதை வட்டம் என்கிறார்கள். மாமா ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: "கரையான்." ஐம்பது வருடமாக விஞ்ஞானிகள் இதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அப்படி ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது என்றேன். "ஐநூறு ரூபாய் பந்தயம்" என்றார். ஐநூறு ரூபாய்ப் பந்தயத்துக்குக் கடல் தாண்டி வந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாடு பெரியது, ஆள் குறைவு. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்பு. மொத்த மக்கள் 30 லட்சம். வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு நகருக்குள் வந்தோம். நம் ஊர் மாதிரியே இடதுபக்கம் ஓட்டலாம் என்பது ஒரு நிம்மதி. கடையில் தண்ணீர் வாங்கினோம், 30 லிட்டர். மாமா பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து, சிந்தவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள்: மண் ரோடு

விண்டூக்கிலிருந்து ரெஹோபோத் வரை நல்ல தார்ச்சாலை. அதற்கப்புறம் சரளை. இந்த நாட்டில் பெரும்பாலான சாலைகள் சரளைதான், ஆனால் நம் ஊர் மண் ரோடு என்று நினைத்துவிடக் கூடாது. அகலமாக, நேராக, அடிவானம் வரை கிடக்கும். அவ்வப்போது இயந்திரம் வைத்துச் சமன் செய்கிறார்கள். சமன் செய்து நாளாகிவிட்டால் தகரக் கூரைமேல் ஓட்டுவதுபோல வண்டி மொத்தமும் நடுங்கும். 80-க்கு மேல் போகாதே என்று வண்டி கொடுத்தவர்கள் நான்கு தடவை சொல்லியிருந்தார்கள். ஜாக்கியின் கைப்பிடி வண்டியில் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மலை இறக்கத்துக்கு முன்னால் பின்சக்கரம் கூர்க்கல்லில் கிழிந்தபோதுதான் அது தெரிந்தது.

அரை மணி நேரம் ஒரு வண்டியும் இல்லை. பிறகு ஆடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓட்டி வந்தவர் கேட்காமலேயே நிறுத்தினார், தன் ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தை மாற்றினார், பணம் நீட்டியதற்குக் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். மாமா அதற்குள் சாலையோரம் நின்று ஆடுகளைப் பற்றி விசாரித்து முடித்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. எப்படிப் பேசினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்றைய பயணத்தில் கவனித்துப் பார்க்கவேண்டியது சாலையோரம்தான். விண்டூக் மேட்டுநிலம், வருடத்துக்கு 350 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே மழை. அங்கே மரம் இருக்கிறது. மேற்கே வர வர மழை குறைகிறது. மலைச்சரிவில் இறங்கியதும் மரம் விட்டுப்போனது. கொஞ்ச தூரத்தில் புதரும் விட்டது. சாலிடேர் வந்தபோது இரண்டு பக்கமும் புல் மட்டும்தான், வெளுத்த வைக்கோல் நிறத்தில். இன்னும் மேற்கே போனால் புல்லும் விட்டு மணல்மலைதான், அதற்கப்புறம் அட்லாண்டிக் கடல். கடலோரம் ஓடும் பெங்குவேலாக் குளிர் நீரோட்டம் பனிமூட்டத்தைத் தருகிறது, மழையைத் தருவதில்லை.

நாங்கள் தேடி வந்த வட்டங்கள் இந்த வரிசையில் ஒரே ஒரு படியில்தான் வருகின்றன: புல்லுக்கும் மணலுக்கும் நடுவே, கடலிலிருந்து சுமார் 80 முதல் 140 கிலோமீட்டர் உள்ளே, தெற்கு அங்கோலாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலை வரை நீளும் ஒரு ஒல்லியான பட்டையில். ஆண்டு மழை ஏறத்தாழ 50-லிருந்து 150 மில்லிமீட்டர். எங்கள் விருதுநகர்ச் சீமையைக் காய்ந்த பூமி என்பார்கள், அங்கேயே சுமார் 800 வரும். 150-க்கு மேலே போனால் புல் எல்லா இடத்தையும் மூடிவிடும், 50-க்குக் கீழே வந்தால் மூட ஆளே இருக்காது.

சாலிடேரில் ஒரு பெட்ரோல் பங்க், துருப்பிடித்த பழைய கார்கள், புகழ்பெற்ற ஆப்பிள் பை. சனிக்கிழமை என்பதால் அதில் முட்டை உண்டா என்று கேட்கச் சொன்னார் மாமா. மாவில் உண்டாம். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்: செஸ்ரியம்

சோசுஸ்வ்ளேயின் சிவப்பு மணல்மலைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விடியலில் போனோம், ஏறினோம், முழங்கால் வலிக்க இறங்கினோம். டெட்வ்ளேயில் வெள்ளைக் களிமண் தரையில் கறுத்து நிற்கும் மரங்கள் செத்து 600, 700 வருடம் ஆகிறது. ஆற்றை மணல் மறித்துத் தண்ணீர் நின்றுபோனதும் காய்ந்தவை, மக்கிப் போகக்கூட ஈரம் கிடைக்காமல் அப்படியே நிற்கின்றன. மாமா ஒரு மரத்தடியில் வெகுநேரம் நின்றார். படம் எடுக்க விடவில்லை.

எனக்கு இன்று அதிகம் பிடித்தது செஸ்ரியம் என்ற பெயர்தான். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆறு தோல்வார் என்று பொருள். ஊருக்குப் பக்கத்தில் பூமியில் கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளத்தாக்கு, ஆழம் சுமார் 30 மீட்டர். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மேலே நின்றுகொண்டு, மாட்டுத்தோல் வார் ஆறை ஒன்றோடொன்று முடிந்து வாளி இறக்கித் தண்ணீர் எடுப்பார்களாம்.

"கமலை வடம்" என்றார் மாமா. "ஆறு வாரு ஆழத்துல தண்ணி கெடச்சா அவன் பாக்கியசாலி. உங்க தாத்தா கெணறு எம்பது அடி."

நான்காம் நாள்: முதல் வட்டம்

காலையில் சி27 சாலையில் தெற்கே புறப்பட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நமீப்ராண்ட் காப்பகம். 1984-இல் ஆல்பி புரூக்னர் என்பவர் வறட்சியில் நொடித்துப்போன ஆட்டுப் பண்ணை ஒன்றை வாங்கியதில் தொடங்கி, பக்கத்துப் பண்ணைகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, உள்வேலிகளைப் பிடுங்கிப் போட்டு, இன்று 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒரே வெளியாகக் கிடக்கிறது. தனியார் காப்பகம். வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு அவர்கள் ஜீப்பில்தான் உள்ளே போகமுடியும்.

வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தி இறங்கச் சொன்னார். நான் எதிர்பார்த்தபடி எதுவும் தெரியவில்லை. படங்களெல்லாம் மேலிருந்து எடுத்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. தரையில் நின்றால் முழங்கால் உயரப் புல், நடுநடுவே மணல் திட்டு, அவ்வளவுதான். பத்தடி நடந்ததும் முதல் வட்டத்தின் விளிம்பு. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கண் பழகியதும் எங்கே பார்த்தாலும் அதுதான்.

மாமா விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"களம் மாதிரி இருக்கு. செருப்போட மிதிக்கத் தோணல."

அப்படித்தான் இருந்தது. கம்பு அடிக்கச் செதுக்கி வைத்த களம். சிவந்த மணல், சருகுகூட இல்லை, நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. குறுக்கே மாமா ஏழு தப்படி போட்டார். பொதுவாக 2 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை அகலம், வடக்கே இன்னும் பெரியவையும் உண்டு என்றார் வழிகாட்டி. வடக்கில் ஹிம்பா மக்கள் முகுரு என்ற தங்கள் தெய்வத்தின் காலடிகள் என்று சொல்வதாகவும் சொன்னார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "நான் பிறந்தபோது இருந்தது, நான் செத்தாலும் இருக்கும்" என்றார். அது கொஞ்சம் மிகைதான். வட்டங்களுக்கும் ஆயுசு உண்டு. வால்டர் சிங்கெல் என்ற அமெரிக்க உயிரியலாளர் வெவ்வேறு வருடத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2012-இல் கணக்குச் சொன்னார்: சின்ன வட்டம் 24 வருடம் போல இருக்கும், பெரியது 75 வருடம் வரை தாங்கும், சராசரி 41. திடீரென்று தோன்றி, வளர்ந்து, ஒருநாள் புல் மூடிப் போய்விடும். என் வயதும் அதேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பகத்துக்கு நன்கொடை கொடுத்து ஒரு வட்டத்தைத் தத்தெடுக்கலாம். எண் போட்ட சிறு தகடு ஒன்றை வட்டத்தில் வைக்கிறார்கள். மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. "மொட்டத் தரைக்குப் பட்டா!"

அப்புறம் அவர் வேலையைத் தொடங்கினார். புற்று தேடினார். நான்கு வட்டம் சுற்றி வந்தும் ஒரு புற்றும் இல்லை. இங்குள்ளது மணல் கரையான், மேலே புற்று கட்டாது, தரைக்கடியில் வளை போட்டு வாழும் என்று வழிகாட்டி விளக்கினார். தோண்டிப் பார்க்கலாமா என்று மாமா சைகையில் கேட்டார். கூடாது. மண்ணையும் எடுத்துப்போகக் கூடாது. மாமா முகம் விழுந்துவிட்டது.

பிறகு விளிம்பில் குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடித்துப் பார்த்தார். வட்டத்தைச் சுற்றி ஒரு மாலை போட்டாற்போல நிற்கும் புல் முழங்காலைத் தொடுகிறது, தூர்கட்டித் தடித்திருக்கிறது. இரண்டு வட்டத்துக்கு நடுவே உள்ள வெளியில் அதே புல் கெண்டைக்காலுக்கு மேல் வரவில்லை.

"வரப்போரப் பயிர்" என்றார்.

நெல்லோ கடலையோ, வயலில் வரப்பை ஒட்டிய வரிசை எப்போதும் நடுவயலைவிட வாளிப்பாக இருக்கும். ஒரு பக்கம் போட்டிக்கு ஆள் இல்லாததால் அந்தப் பக்கத்து ஈரமும் சத்தும் அதற்கே. அதனால்தான் பயிர் மகசூல் கணக்கெடுக்கும்போது ஓர வரிசையைச் சேர்க்கமாட்டார்கள். மாமா வாழ்நாளெல்லாம் அந்த ஓர வரிசையைத் தள்ளிவிட்டு எண்ணியவர். இங்கே அந்த ஓர வரிசைதான் முழு வெளியையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இரவு வானத்தைப் பற்றி எழுதினால் நிற்காது. 2012-இல் இந்த இடத்தை ஆப்பிரிக்காவின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். பால்வீதியின் வெளிச்சத்தில் வட்டங்கள் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தன.

ஐந்தாம் நாள்: பந்தயம்

இரவெல்லாம் குளிர். காலையில் ஒரு ஓரிக்ஸ் மான் வட்டத்துக்குள் படுத்துப் புரண்டு புழுதிக்குளியல் போட்டது. நாங்கள் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து காப்பியோடு சண்டையை ஆரம்பித்தோம். இன்று எங்கும் போகவில்லை. ஆகையால் சண்டையையே எழுதுகிறேன்.

முதலில் தோற்றுப்போனவற்றை ஒதுக்கிவிடலாம். விஷச்செடி என்று ஒரு கட்சி இருந்தது. தெரோன் என்ற தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர், யூஃபோர்பியா என்ற கள்ளி இனப் புதர் செத்து மக்கிய இடத்தில்தான் விஷம் இறங்கிப் புல் வளராமல் போகிறது என்று 1979-இல் எழுதினார். நல்ல மனிதர், சொல்லிவிட்டுப் போகாமல் சில புதர்களின் பக்கத்தில் இரும்புக் கம்பி அடித்து அடையாளம் வைத்துவிட்டுப் போனார். நாற்பது வருடம் கழித்து ஜெர்மனியின் ஸ்டெஃபான் கெட்ஸின் என்பவரின் குழு வடக்கே கிரிபெஸ் சமவெளியில் அந்தக் கம்பிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. புதர்கள் செத்திருந்தன. அந்த இடங்களில் வட்டம் உண்டாகவில்லை. நாற்பது வருடம் கழித்துத் தான் தப்பு என்று நிரூபிக்கத் தானே கம்பி நட்டுவைத்தவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

மீதி இரண்டு கட்சி. மாமாவின் கட்சிக்குத் தலைவர் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் நோர்பெர்ட் யூர்கென்ஸ். 2013-இல் சயன்ஸ் இதழில் எழுதினார். அவர் வாதம் இது: மழைக்குப் பின் முளைக்கும் புல்லின் வேரை மணல் கரையான் தின்றுவிடுகிறது. புல் இல்லாத இடத்தில் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட இலை இல்லை. பெருமணலில் மழைநீர் சட்டென்று கீழே இறங்கி, வெயில் தொடாத ஆழத்தில் தங்கிவிடுகிறது. அந்த ஈரத்தை வைத்துக் கரையானும் வறட்சியைத் தாண்டுகிறது, ஓரத்துப் புல்லும் தாண்டுகிறது. வட்டங்களைத் தோண்டிப் பார்த்தபோது எல்லாவற்றையும்விட அடிக்கடி அகப்பட்ட பூச்சி இதுதான்.

"பாத்தியா! பாலைவனத்துல கெணறு வெட்டி வச்சிருக்கு கரையான்."

எதிர்க்கட்சி கெட்ஸின். இவர் சொல்வதில் பூச்சிக்கு வேலையே இல்லை. புல்லுக்கும் புல்லுக்கும் தண்ணீர்ச் சண்டை. 2020-லிருந்து 2022 வரை வட்டங்களுக்குள்ளும் வெளியிலும் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஈரமானிகளைப் புதைத்து, அரை மணிக்கு ஒருமுறை அளவெடுத்தார். மழை பெய்ததும் வட்டத்துக்குள்ளும் புல் முளைக்கத்தான் செய்கிறது. பத்து நாளில் அது வாட ஆரம்பிக்கிறது. இருபதாவது நாள் உள்ளே இருந்தது மஞ்சளாகச் செத்துக் கிடக்கிறது, வெளியே இருப்பது பச்சையாக நிற்கிறது. நான்கு பகுதிகளில் 500 புற்களைத் தோண்டி வேரைப் பார்த்தார்கள். செத்த புல்லின் வேரில் கடித்த தடம் இல்லை. இன்னொன்று: அந்த வேர், வெளியே உள்ள புல்லின் வேரளவுக்கு நீளம், சிலது அதைவிட நீளம். தண்ணீரைத் தேடிக் கீழே கீழே ஓடிக் கிடைக்காமல் செத்திருக்கிறது. வெளியில் உள்ள பழைய புல் பச்சை கட்டியதும் இலை வழியாக நீரை வெளியேற்ற, வேரைச் சுற்றி மண் காய, வட்டத்துக்குள் இருக்கும் ஈரம் அந்தக் காய்ந்த மண்ணை நோக்கிப் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஏழரை மீட்டர் தூரம் வரை இப்படி நடக்கும் என்று வேறு ஆய்வாளர்கள் காட்டியதையும் அவர் துணைக்கு வைத்துக்கொள்கிறார்.

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏழர மீட்டர்னா எத்தன அடி?"

"இருபத்தஞ்சு."

"சாத்தூர் பக்கம் ஒருத்தர் வரப்புல வரிசையாத் தைலமரம் வச்சார். பக்கத்துக் காட்டுக்காரர் கடல போட்டா, மரத்துல இருந்து இருபது இருபத்தஞ்சு அடிக்கு ஒண்ணும் வெளங்காது. அந்த ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து பேசப் போனதே நான்தான்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அங்க கரையான் இல்ல."

ஐநூறு ரூபாய் என் பைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். மாமா எழுந்து போய் ஒரு கைப்பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

"இதுல எப்படித் தண்ணி பக்கவாட்டுல போகும்? கரிசல்னா போகும், செவ்வல்னாகூடக் கொஞ்சம் போகும். இது சல்லடை. ஊத்துனா நேரா கீழதான். ஈரம் கொறஞ்ச மணல்ல ஒரு பொட்டுத் தண்ணி நகராது."

யூர்கென்ஸ் தரப்பும் 2023-இல் பதிலுக்கு இதைத்தான் கேட்டது என்று ஒப்புக்கொள்ளவேண்டியதாகிவிட்டது. அவர்கள் இதழில் எழுதியதை மாமா கைப்பிடியில் வைத்துக் கேட்கிறார். அந்த மணல் உண்மையிலேயே பெருமணல்தான், குருணை மாதிரி.

என் மனசு இன்னும் கெட்ஸின் பக்கம்தான் சாய்கிறது. அந்த நீண்ட வேர்கள்தான் காரணம். கடிபட்டுச் சாகிற செடி அப்படி வேர் விடாது. ஆனால் மாமாவோடு பேசி முடித்தபோது வேறொன்று தெளிவாகியது. இரண்டு கட்சியும் ஒன்றில் மாறுபடவே இல்லை. மொட்டையை யார் போட்டிருந்தாலும் அதன் பலனை அனுபவிப்பது புல்தான். 100 மில்லிமீட்டர் மழையை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு புல்லுக்கும் போதாது. இந்த வெளி முழுக்கப் புல் மூடியிருந்தால் முதல் வறட்சியில் முழுக்கச் செத்திருக்கும். புல் முளைக்கவேண்டிய இடத்தில் முளைக்காமல் போய்விட்டது என்றுதான் நான் இங்கே வரும்வரை நினைத்திருந்தேன். மானாவாரிக் காட்டில் ஊருணிக்கு விட்ட நிலத்தை யாரும் பாழ்நிலம் என்று சொல்லமாட்டார்கள். இந்த வட்டமும் அப்படி ஒரு ஊருணி, தண்ணீர் மட்டும் மணலுக்கு அடியில் நிற்கிறது.

சாயங்காலம் வழிகாட்டி வந்தார். யார் ஜெயித்தது என்று கேட்டார். மாமா மணல் அள்ளிய கையைக் காட்டினார். நான் என் தலையைச் சொறிந்தேன். அவர் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆறாம் நாள்: மேலிருந்து

செஸ்ரியத்துக்குத் திரும்பி, அங்கிருந்து சிறுவிமானம். ஐந்து பேர் உட்காரலாம். "ஷேர் ஆட்டோவுக்கு ரெக்கை வச்சிருக்கான்" என்றார் மாமா. ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, கட்டிய காசு திரும்ப வராது என்றதும் ஏறினார்.

மேலே போனதும் பேச்சு நின்றுவிட்டது. கீழே ஒரு வட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு தரையில் நின்றபோது தெரியவே இல்லை. இங்கிருந்து பார்த்தால் ஒன்றைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது போலிருக்கிறது. எந்த இரண்டும் ஒட்டி நிற்கவில்லை, எந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வட்டம் போடும் அளவுக்கு இடம் காலியாக இல்லை. ஒவ்வொன்றைச் சுற்றிலும் ஐந்தோ ஆறோ ஏழோ பக்கத்து வீடுகள், பெரும்பாலும் ஆறு.

"நேர்ப்புள்ளி இல்ல, இடுக்குப்புள்ளி" என்று கத்தினார் மாமா, இரைச்சலைத் தாண்டி.

கோலம் போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு. இடுக்குப்புள்ளியில், 7-இல் தொடங்கி 4-இல் நிறுத்துகிறோமே, அதில் ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசை விழும், ஒன்றைச் சுற்றி ஆறு வரும். ஒரே தரையில் எல்லோரும் ஒருவரையொருவர் முடிந்தவரை தள்ளி நிற்கவேண்டும் என்றால் இப்படித்தான் நிற்க முடியும். தேன்கூட்டில் அறைகள் அடுக்கியிருப்பதும் இதே கணக்கு.

இப்படிப் புள்ளி வைக்க ஒரு கோலக்காரி தேவையில்லை என்று காட்டியவர் ஆலன் டூரிங். கணினிக்காரர் என்றுதான் நமக்குத் தெரியும். 1952-இல் உயிர்களின் உடலில் வரியும் புள்ளியும் எப்படி வருகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒன்று தனக்குப் பக்கத்தில் தன்னையே வளர்த்துக்கொள்ளவேண்டும், எட்டத்தில் தன்னையே அடக்கவேண்டும். இந்த இரண்டும் வெவ்வேறு தூரத்தில் வேலை செய்தால் போதும், சீரான தரை தானாகவே புள்ளியாகவும் வரியாகவும் பிரிந்துவிடும். புல் விஷயத்தில் பக்கத்தில் நடப்பது ஒத்தாசை. ஒரு தூர் இன்னொன்றுக்கு நிழல் தருகிறது, காற்றில் பறக்கும் மண்ணைப் பிடிக்கிறது, நீரை நிறுத்துகிறது. எட்டத்தில் நடப்பது களவு, வேர் போகிற தூரம் வரை தண்ணீரை எடுத்துக்கொள்கிறது.

மழையும் சரிவும் மாறினால் கோலமும் மாறும். சோமாலியாவின் வறண்ட சமவெளிகளில் செடிகள் வரிவரியாக நிற்பதை மக்ஃபாடியன் என்பவர் வானிலிருந்து எடுத்த படங்களில் கண்டு 1950-இல் எழுதினார். நைஜர் நாட்டில் அதையே புலிப்புதர் என்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத சரிவில் ஒரு பட்டை புதர், ஒரு பட்டை வெறுந்தரை. வெறுந்தரையின் இறுகிய மேலோட்டில் விழும் மழை வழிந்து அடுத்த புதர்ப்பட்டையில் போய் நிற்கிறது. தண்ணீரை முதலில் வாங்குவது பட்டையின் மேட்டுப்பக்கம். அங்கே புதுச்செடி முளைக்க, பள்ளப்பக்கத்தில் பழையது காய, பட்டை மொத்தமும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மேடேறுகிறது. மழை குறையக் குறைய முழுப் புல்வெளியில் முதலில் ஓட்டைகள், பிறகு வரிகள், கடைசியில் வெறுந்தரையில் அங்கங்கே புல் திட்டுகள் என்றுதான் கணித மாதிரிகள் சொல்கின்றன. அதைத் தாண்டினால் கோலம் அழிந்துவிடும், மறுபடி மழை கூடினாலும் சுலபத்தில் திரும்பாது. எங்களுக்குக் கீழே தெரிந்தது முதல் கட்டம், ஓட்டைகள்.

ஒரு மேட்டைத் தாண்டியபோது வரிக்குதிரைகள் நான்கைந்து ஓடின. டூரிங் கணக்கின் இரண்டு உருவங்கள் ஒரே சட்டத்துக்குள். படம் எடுக்க நான் போனை வெளியே எடுப்பதற்குள் விமானம் திரும்பிவிட்டது.

இறங்கியபின் மாமாவுக்குக் கால் நடுக்கம் நிற்க அரை மணி ஆயிற்று. அதற்குள் ஒரு சமாதானத் திட்டத்தை நான் எடுத்துவிட்டேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கொரினா டர்னிடா குழு 2017-இல் நேச்சர் இதழில் சொன்னது: இரண்டும் சேர்ந்துதான். பக்கத்துப் பக்கத்துக் கரையான் குடிகள் எல்லைக்காக அடித்துக்கொண்டாலே ஆறு பக்கத்து வீடு என்ற கணக்கு வந்துவிடும். நடுவெளியில் புல் தூர்கள் தமக்குள் இடைவெளி விட்டு நிற்பது தண்ணீர்க் கணக்கு. பெரிய கோலத்துக்குள் ஒரு சின்னக் கோலம்.

"அப்போ ஆளுக்கு எரநூத்தம்பது" என்றேன்.

"கட்டப்பஞ்சாயத்து" என்றார். ஒப்புக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டில் ஆஸ்திரேலியக் கதையைச் சொன்னேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூமேன் என்ற சுரங்க நகருக்குப் பக்கத்திலும் இதே வட்டங்கள் இருக்கின்றன. கெட்ஸின் குழு அவற்றைப் பற்றி 2016-இல் எழுதியது, அங்கும் தண்ணீர்தான் என்றது. அங்கே தரை மணலாக இல்லை, இறுகிய களிமண். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மார்ட்டு மக்களிடம் அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஃபியோனா வால்ஷ் என்ற ஆய்வாளர் அவர்களோடு சேர்ந்து 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுக்கு அந்த வட்டத்துக்குப் பெயரே இருக்கிறது, லின்ஜி. அடியில் கரையான் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், குடிப்பார்கள். ஈசல் கிளம்பினால் பிடித்துத் தின்பார்கள். அந்தக் கெட்டித் தரையில் புல் விதையைப் போட்டு அடித்துத் தூற்றுவார்கள்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"களமா?"

"களம்தான்."

"ஈசலும் திம்பாங்களா?"

"ம்."

"பொரியரிசி போட்டா?"

அது தெரியாது என்றேன். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால் பந்தயத்தை ஆஸ்திரேலியாவில் வைத்திருக்கவேண்டும் என்று நினைப்பது தெரிந்தது.

ஏழாம் நாள்: திரும்பி

செஸ்ரியத்திலிருந்து விண்டூக் வரை ஆறு மணி நேரம். சக்கரம் எதுவும் கிழியவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஜாக்கிக்குக் கைப்பிடி இல்லை என்றேன். அவர்கள் பட்டியலில் கைப்பிடி இருப்பதாகத்தான் இருந்தது. நானும் விடவில்லை, கால் மணி நேரம் போனது. கடைசியில் கிழிந்த டயருக்குப் பாதிக் காசு குறைத்தார்கள்.

மாமா இதில் எதிலும் தலையிடவில்லை. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு நாளாகப் பெட்டிக்குள் கிடந்த செருப்பை எடுத்து, ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார். வாரின் மடிப்பிலிருந்து கொஞ்சம் சிவப்பு மணல் கொட்டியது.

"மண்ணு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னாருல்ல" என்றார் என்னைப் பார்த்து. பிறகு குனிந்து, கொட்டிய மணலை விரலால் கிளறி ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.